இடம் சாரா வேகம்

பார்மென்டன் நாரைகள் பேஸ்பால் அணியின் பந்துவீச்சு அந்த ஆண்டு ஏப்ரல் முடிவதற்குள் பதினோரு பேரின் எலும்பை முறித்திருந்தது. இதில் வன்மம் எதுவும் கிடையாது. எங்கள் பிட்சர்கள், அதாவது பந்து வீசுகிறவர்கள், நல்ல பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவார்கள், கேட்ட குழந்தைக்கெல்லாம் தொப்பியில் கையெழுத்துப் போடுவார்கள். கையை விட்டுப் புறப்பட்ட பந்து எங்கே போய்ச் சேரும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நான் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். எலும்பு விஷயத்தில் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

பதினோரு பேரில் ஏழு பேர் எதிரணியில் மட்டை பிடித்தவர்கள். அம்பயர்கள் இருவர், ஒருவருக்குக் காறை எலும்பு, இன்னொருவருக்குத் தாடை. பத்தாவது ஆள், நாரை வேஷம் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஆடுகிறவன். முதலில் நாரையின் அலகு உடைந்தது, பிறகு உள்ளே இருந்தவனின் மூக்கு. பதினோராவது ஆள் மைதானத்தில் எங்கள் இருக்கைப் பகுதியில் வேர்க்கடலை விற்கும் டாட்டி. எங்கள் பிட்சர் கோல்பி ரென்ஷா வீசிய பந்து, பார்வையாளர்களைக் காப்பாற்றக் கட்டிய இருபதடி வலைக்கு மேலே ஏறி வந்து, குனிந்து பொட்டலம் எடுத்துக்கொண்டிருந்தவளின் தோளில் இறங்கியது. பெரிய திரையில் உடனே பந்தின் வேகம் பளிச்சிட்டது: மணிக்கு நூற்றிரண்டு மைல். வாத்திய இசை முழங்கியது.

டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் நார்ப் எழுந்து நின்றான்.

நார்பெர்ட் ஹ்ரூஸ்கா, எல்லோருக்கும் நார்ப், நகரப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவன். மட்டையாளன் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தட்டுக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் ஏழாம் நாற்காலி இருபத்தாறு ஆண்டுகளாகப் பருவச் சீட்டில் அவன் பேரில் இருக்கிறது. ஆறாம் நாற்காலி அவன் மனைவி லோரீனுடையது. எட்டாவது என்னுடையது, லைல் என்பது என் பெயர்.

"நல்லாக் கேட்டுக்க லோரீன், லைல், நீயும் கேளு," என்றான். "நான் கோப்பை கேக்கல. ஜெயிக்கக்கூட வேணாம். ஒரே ஒரு சுத்தமான இன்னிங்ஸ். நம்ம பிட்சருக்கு எதிரே மூணு பேர் வரணும், மூணு பேரும் அவுட் ஆகணும். ஒருத்தனையும் சும்மா நடக்க விடக் கூடாது, ஒருத்தனையும் ஸ்ட்ரெச்சர்ல அனுப்பக் கூடாது. சீசன் முடியறதுக்குள்ள அதப் பாக்கலைன்னா, இந்த நாற்காலிய எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னே," என்றாள் லோரீன்.

"போன வருஷம் கோவத்துல சொன்னேன். இப்ப நெதானமாச் சொல்றேன்."

அவன் அப்பா செத்த மறுநாளும், பணிமனையில் ஆட்குறைப்பு வந்த வாரத்திலும், நார்ப் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அதை விட்டுவிட்டால் அவன் மாலை நேரங்களில் எங்கே போவான் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றிரவே அவன் அணி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினான். அவர்களுக்கு விளையாட்டு தெரியாமல் இருக்கலாம் என்ற சந்தேகத்தில், எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினான். பிட்சர் என்பவர் அறுபதடி தள்ளி மேட்டில் நிற்பார். கீழே தட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் மட்டையோடு நிற்பான். தட்டுக்கு மேலே, அவனுடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே பந்து போனால் அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் அவன் அவுட். நான்கு பந்து தப்பிப் போனால் அவன் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். பந்து அவன் உடம்பில் பட்டாலும் போகலாம். "நடக்கும் நிலையில் இருந்தால்" என்று நார்ப் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தான். கடைசியில் எழுதியிருந்தான்: "பேருந்து வேகமாக ஓடினால் போதாது, நிறுத்தத்தில் நிற்க வேண்டும். மளிகைக் கடைக்குள் போய் நின்ற பேருந்துக்கு நாங்கள் பரிசு கொடுப்பதில்லை."

பதில் வரப் பன்னிரண்டு வாரமானது. அதற்குள் நிலைமை முற்றிவிட்டது.

எங்கள் விளையாட்டுக்கு எழுதிய விதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் உண்டு. அவற்றை யாரும் படிப்பதில்லை. எழுதாத விதிகளைத்தான் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்பற்றுகிறார்கள். அவற்றில் தலையாயது இது: உன் பிட்சர் என் ஆளை அடித்தால், என் பிட்சர் உன் ஆளை அடிப்பான். அடித்த பிட்சரை அடிக்க முடியாது, ஏனென்றால் பிட்சர்கள் இப்போது மட்டை பிடிப்பதே இல்லை. அவனுக்குப் பதிலாக, அடுத்து மட்டையோடு வரும் அப்பாவி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டு முகத்தைச் சுளிக்காமல் முதல் தளத்துக்கு ஓட வேண்டும். இதற்குப் பெயர் மரியாதை.

ஆக, எங்கள் பிட்சர்கள் குறி தெரியாமல் ஒருவனை அடிப்பார்கள். எதிரணிப் பிட்சர் குறி தெரிந்து எங்கள் ஆட்களில் ஒருவனை அடிப்பான். மே மாதத்தில் எங்கள் முதல் தளக்காரனின் மணிக்கட்டு போனது. பிறகு ஒருவனின் முன்பற்கள் நான்கு, இன்னொருவனின் முட்டிச் சில்லு, தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கட்டைவிரல். ஜூன் பத்தாம் தேதி எங்கள் அணியின் ஒரே நல்ல மட்டையாளன் கன்ன எலும்பில் வாங்கிக்கொண்டு, முதல் தளம் எந்தப் பக்கம் என்று அம்பயரிடம் கேட்டான். அம்பயரும் அப்போது அடிபட்டு உட்கார்ந்துதான் இருந்தார்.

இது போதாதென்று கைகலப்பு வேறு. ஒருவன் அடிபட்டதும் இரண்டு அணியும் மொத்தமாக மைதானத்துக்குள் பாய வேண்டும், பாயாதவன் கோழை. மைதானத்தின் கடைக்கோடியில் கொட்டகையில் காத்திருக்கும் மாற்றுப் பிட்சர்களும் நானூறு அடி ஓடி வந்து கலந்துகொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்து கையை ஓங்குவார்கள். அந்தக் குத்துகளும் குறி தப்பின. ஒன்று எங்கள் புதிய கேட்சரின் கண்ணில் விழுந்தது, ஒன்று எங்கள் பயிற்சியாளரின் காதில். ஜூலையில் எங்கள் மட்டையாளன் ஒருவன் எவர் மேலும் படாமல் சுழன்று விழுந்து தன் கணுக்காலையே முறித்துக்கொண்டான்.

பன்னிரண்டாவது வாரம் நார்பை "ரசிகர் செவிமடுப்பு அமர்வு" என்ற ஒன்றுக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். குளிரூட்டிய அறை, வெட்டி வைத்த முலாம்பழம், சுவர் அளவு திரை. பந்துவீச்சு மேம்பாட்டுத் துறையின் மூத்த துணைத் தலைவர் டாக்டர் ட்ரென்ட் மாஸ்பி எங்களை வரவேற்றார். வயது முப்பத்திரண்டு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் விலையுயர்ந்த ஓட்டக் காலணி. கை குலுக்கியபோது அந்தக் கை வாழ்நாளில் எதையும் வீசியதில்லை என்று தெரிந்தது.

"மிஸ்டர் ஹ்ரூஸ்கா, உங்க கடிதம் எங்க எல்லாரையும் உலுக்கிடுச்சு," என்றார் மாஸ்பி. "அத நாங்க ஒரு தரவாப் பாக்கறோம்."

"படிச்சீங்களா?" என்றான் நார்ப்.

"சுருக்கம் வந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி இந்த அணியோட சராசரி வேகம் தொண்ணூத்தொண்ணு. இன்னிக்கி தொண்ணூத்தெட்டு. லீக்லயே நாமதான் முதல்."

"ஸ்ட்ரைக் எத்தனை?"

மாஸ்பி புன்னகைத்தார். "அது ஒரு பழைய சொல். நாங்க இப்ப 'இடம் சாரா வேகம்'னு ஒண்ணு வெச்சிருக்கோம். பந்து எங்க போகுதுன்னு பிட்சர் யோசிச்சா ஒன்றரை மைல் குறையுது. அத ஆய்வுக்கூடத்துல நிரூபிச்சிருக்கோம். அதனால அந்த யோசிக்கிற பழக்கத்தையே பிள்ளைங்ககிட்டருந்து எடுத்துட்டோம். எட்டு மாசம் ஆச்சு. ரென்ஷாவுக்கு மட்டும் ரெண்டு வாரம்தான்."

"அவன் டாட்டியோட தோள ஒடச்சிட்டான்."

"தோள் ஒரு விளைவு. நாங்க விளைவுகள நிர்வாகம் பண்றதில்ல, செயல்முறையத்தான் நிர்வாகம் பண்றோம்."

"ஐயா, முப்பத்தேழு பேர் ஆஸ்பத்திரில கெடக்கறாங்க," என்றேன் நான். எண்ணிக்கை எனக்கு மனப்பாடம்.

மாஸ்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஒரு வண்ணப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார். "நல்லாப் பாருங்க. அந்த முப்பத்தேழு பேர்ல பந்து வீசினதால அடிபட்ட நம்ம பிட்சர் எத்தனை பேர்? பூஜ்யம். பந்துவீச்சுத் துறையோட பாதுகாப்புப் பதிவு இந்த நாட்டுலயே முதல் இடம். போன மாசம் அதுக்கு ஒரு விருது குடுத்தாங்க." விருது அலமாரியில் இருந்தது. கண்ணாடியில் செய்த பந்து.

நார்ப் முலாம்பழத்தைத் தொடவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தான். "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுது லைல், காது கேக்குது," என்றான். "அப்புறம் எங்க கோளாறு?"

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஹேவர்டன் கொல்லர்கள் அணி எங்கள் ஊருக்கு வந்தது. அன்று பிற்பகல் ஆட்டத்துக்கு எங்களிடம் பிட்சர்கள் பதின்மூன்று பேரும் முழு ஆரோக்கியத்துடன் இருந்தார்கள். மட்டை பிடிக்க ஐந்து பேர்தான் மிச்சம். ஒன்பது பேர் இல்லாமல் ஆட முடியாது. ஆடாவிட்டால் தோல்வி என்று பதிவாகும்.

தோல்வி எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று ரென்ஷா நூற்று மூன்று மைலைத் தொடுவான் என்று மாஸ்பி முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஆகவே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: பருவச் சீட்டு ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பிரிவின்படி, மைதானத்தில் நேரும் எல்லா ஆபத்துகளையும் ஏற்றுக்கொண்டு, தேவைப்பட்டால் ஆட்டம் நடைபெற ஒத்துழைப்பதாகக் கையெழுத்திட்டவர்களில், மூன்றாம் வரிசை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து எண் நாற்காலிகளில் இருப்பவர்கள் உடை மாற்றும் அறைக்கு வரவும்.

சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பந்து பட்டு மண்டை உடைந்தால் கழகம் பொறுப்பல்ல என்று என் தாத்தா காலத்திலிருந்தே போட்டிருப்பார்கள். யார் அதைப் படித்தது?

"போகாத நார்ப்," என்றாள் லோரீன். "பந்து போடறது ரென்ஷா. அவன் யாரையாவது அடிச்சா பதிலடி உனக்குத்தான் விழும்."

"போகலைன்னா நாற்காலி போயிடும். சீசன் முடியல இன்னும்."

"விலா போச்சுன்னா?"

"பாத்துக்கலாம்."

ஆட்டம் தொடங்கியது. ரென்ஷாவின் முதல் பந்து பதாகையைக் கிழித்தது. இரண்டாவது, கேமராவைப் பிடித்திருந்தவனின் முழங்கையைத் தட்டிப்போட்டது. மூன்றாவது, ஹேவர்டன் அணித் தலைவனின் முட்டியில் நூற்று மூன்று மைல் வேகத்தில் இறங்கியது. சத்தம் மேல்மாடம் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். வாணவேடிக்கை விட்டார்கள். ஹேவர்டன் தலைவன் புல்லில் புரண்டு ஊளையிட்டுக்கொண்டிருக்கையில் மாஸ்பி மேலே கண்ணாடி அறையில் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

மேற்கொண்டு நடந்ததை விவரிக்க மனமில்லை. பதினேழு ஓட்டங்கள் கொடுத்து ஒருவழியாக அந்தப் பாதி முடிந்தது. இப்போது நாங்கள் மட்டை பிடிக்க வேண்டும். முதலில் இறங்க வேண்டியவன் நார்ப். பதிலடி யாருக்கு என்று மைதானத்தில் இருந்த நாலாயிரம் பேருக்கும் தெரியும்.

ஹேவர்டனின் பிட்சர் அமாதோ கிரோஸ். வெளிநாட்டில் மரக்காய்போ நகரிலிருந்து வந்தவர், முப்பத்தெட்டு வயது, சற்றே தொப்பை. வேகம் எண்பத்தாறு மைல். எங்கள் கழகத்தில் அந்த வேகத்துக்குப் பந்து பொறுக்கும் வேலைகூடக் கிடைக்காது. நார்ப் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு தட்டருகே போய் நின்றான். நான் அடுத்து இறங்க வேண்டியவன் என்பதால் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தேன்.

குந்தியிருந்த ஹேவர்டன் கேட்சர் தலையை உயர்த்தினார். "என்ன வேலை பாக்கறே அண்ணே?"

"பஸ் பிரேக் மெக்கானிக்."

"வீட்ல யாரு?"

"அதோ, மூணாவது வரிசைல. மூஞ்சியப் பொத்திக்கிட்டு இருக்காளே."

கேட்சர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "என்ன பண்றது, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஆனா பயப்படாத. கிரோஸ் கண்ணியமான மனுஷன், தலைக்குப் போட மாட்டாரு. எந்த எடம்னு சொல்லு, அங்கயே வாங்கிக்கலாம்."

நார்ப் யோசித்தான். "வேலைக்கு வலது பக்கம் வேணும். இடது விலா. கீழருந்து மூணாவது."

கேட்சர் விரல்களால் மடியில் ஏதோ சைகை செய்தார். கிரோஸ் தொப்பியைத் தொட்டு நார்புக்கு வணக்கம் சொன்னார், கையைச் சுழற்றினார். பந்து அவசரமே இல்லாமல் வந்தது. நார்ப் கையை உயர்த்தி இடம் கொடுத்தான். பச்சைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. நார்ப் தட்டின் மேல் குப்புற விழுந்தான், வாயில் மண்.

நான் ஓடினேன். அவன் முகம் சாம்பலாகியிருந்தது, எச்சிலில் ரத்தம். ஆனால் கண் விரிந்திருந்தது. விலாவைத் தடவி ஒவ்வொன்றாக எண்ணினான்.

"மூணாவதுதான் லைல்," என்றான். "கரெக்டா மூணாவது."

விதிப்படி அவன் முதல் தளத்துக்குப் போக வேண்டும். தவழ்ந்து போனான். போய், தளத்தைக் குறிக்கும் சிறு மூட்டையின் மேல் ஒரு காலை வைத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்து நான் மட்டையோடு இறங்கினேன். என் பின்னால் ஒன்பதாம் நாற்காலிப் பல் மருத்துவர், பிறகு பத்தாம் நாற்காலித் தபால்காரர். எழுதாத விதிப்படி கடன் தீர்ந்துவிட்டதால் எங்கள் மூவரின் எலும்புக்கும் ஆபத்தில்லை. ஒன்பது பந்து, ஒன்பதும் ஸ்ட்ரைக். என் மட்டை ஒன்றையும் தொடவில்லை.

நார்ப் எங்களைப் பார்க்கவே இல்லை. கேட்சரின் கையுறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒன்பது பந்துக்கும் வைத்த இடத்திலிருந்து ஒரு அங்குலம்கூட அசையவில்லை. எதிரணி வீரன் ஒருவன் அவன் தோளைத் தாங்கிப் பிடித்து, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறான். "இல்ல தம்பி," என்றானாம் நார்ப். "இத எங்க ஊர்ல பாத்து மூணு வருஷம் ஆச்சு." பிறகுதான் மயங்கி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழிருந்து மூன்றாவது விலா, நடுவில், ஒரே முறிவு. அதற்கு மேலும் கீழும் ஒரு கீறல் இல்லை. என் வேலையில் எத்தனையோ முறிவு பார்த்திருக்கிறேன், அவ்வளவு நேர்த்தியானதைப் பார்த்ததில்லை.

"சரி, சுத்தமான இன்னிங்ஸ் பாத்தாச்சு," என்றாள் லோரீன். "இனிமே வீட்ல இருக்கலாமில்ல?"

"அது எப்படிச் சுத்தம்? என்னை அடிச்சிட்டானே. அதோட அவன் நம்ம ஆளு இல்ல."

"நம்ம ஆளா இருந்திருந்தா நீ இப்ப பொணவறைல இருப்பே."

மறுநாள் மாஸ்பி மலர்க்கொத்தோடும் கருத்துப் படிவத்தோடும் வந்தார். அன்றைய அனுபவத்தை ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பிடச் சொன்னார். நார்ப் படிவத்தை ஒதுக்கிவிட்டு, படுக்கையில் முழங்கையை ஊன்றி எழுந்தான். அந்த அசைவுக்கு அவனுக்குக் கண்ணீர் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன் டாக்டர். அந்த கிரோஸ் இருக்காரு பாருங்க, அவர நம்ம அணிக்குக் கொண்டாங்க. வேற எதுவும் வேணாம். என்ன குடுத்தாவது கொண்டாங்க."

"எண்பத்தாறு மைல்தானே போடறாரு," என்றார் மாஸ்பி சந்தேகமாக.

"நான் அந்த எண்பத்தாற வாங்கினவன். சொல்றேன், கொண்டாங்க."

யாரும் எதிர்பாராதது நடந்தது. கொண்டுவந்தார்கள். எங்களிடம் அடிபடாமல் மிஞ்சியிருந்த இரண்டு மட்டையாளர்களைக் கொடுத்து கிரோஸை மாற்றிக்கொண்டார்கள். "ஒரு ரசிகரின் விலா பேசியது, நாங்கள் கேட்டோம்" என்று நகரமெங்கும் தட்டி வைத்தார்கள். தட்டியில் நார்பின் எக்ஸ்ரே. நார்ப் அன்றைக்கே நாற்காலியைப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டான்.

"இன்னும் பாக்கலியேடா," என்றேன்.

"பாத்த மாதிரிதான்."

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கட்டுப் போட்ட விலாவோடு பணிமனையில் பாடிக்கொண்டே வேலை செய்ததாகச் சொன்னார்கள். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது, மறைப்பானேன்.

கிரோஸ் உடனே ஆட வரவில்லை. "இணைப்புப் பயிற்சி" என்று ஐந்து வாரம் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறு, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அவரை இறக்குவதாக அறிவித்தார்கள். நார்புக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நாள்தான்.

வெயில் நன்றாக அடித்தது. ஏரியிலிருந்து காற்று. கிரோஸ் மேட்டுக்கு வந்தபோது நாங்கள் மூவரும் எழுந்து கை தட்டினோம். தொப்பை காணாமல் போயிருந்தது. முழங்கையிலும் தோளிலும் அசைவை அளக்கும் கம்பி ஒட்டியிருந்தார்கள். அவர் தொப்பியைத் தொட்டு யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கேட்சர் கையுறையை நடுவில் வைத்தான்.

முதல் பந்து தொண்ணூற்றாறு மைல். அம்பயரின் தொண்டையில் பட்டது. அவர் ஓசையில்லாமல் மடங்கி விழுந்தார். திரை மின்னியது, வாத்தியம் முழங்கியது. மாற்று அம்பயர் வந்தார். இரண்டாம் பந்து தொண்ணூற்றேழு. மட்டை பிடித்திருந்தவனின் ஹெல்மெட்டைப் பிளந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான், விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

நார்ப் கை தட்டிய நிலையிலேயே நின்றுகொண்டிருந்தான். கைகள் பிரியவே இல்லை.

எதிரணி மொத்தமும் மட்டைகளோடு மேட்டை நோக்கி ஓடி வந்தது. எங்கள் ஆட்களும் பாய்ந்தார்கள். கொட்டகைப் பிட்சர்கள் நானூறு அடி ஓடத் தொடங்கினார்கள். நார்ப் விலாவைப் பிடித்துக்கொண்டு தடுப்பைத் தாண்டிக் குதித்தான். நான் அவனைப் பிடிக்கப் பின்னால் குதித்தேன். பிடிக்க முடியவில்லை. யாரோ என் உதட்டைக் கிழித்தார்கள், யாரோ என் காலை மிதித்து நசுக்கினார்கள். கடித்தவனும் ஒருவன் இருந்தான். நார்ப் முதுகில் மட்டையடி வாங்கிக்கொண்டு முழங்கைகளால் வழி செய்துகொண்டு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். கிரோஸ் நடுவில் தனியாக நின்றார். நெற்றி உடைந்து கண்ணில் ரத்தம் இறங்க, அதைத் துடைக்காமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நார்ப் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எங்க போடப் பாத்தீங்க? சொல்லுங்க, எங்க போடப் பாத்தீங்க?"

கிரோஸ் அழுதுவிட்டார். "தெரியலயே ஐயா," என்றார். "யோசிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்ப யோசிச்சாலும் வர மாட்டேங்குது."

நார்பின் பிடி தளர்ந்தது. சட்டையை நீவி விட்டான். பிறகு கிரோஸின் தோளை அணைத்துக்கொண்டு, விழுந்துகொண்டிருந்த அடிகளுக்குத் தன் முதுகைக் கொடுத்து, அவரைக் கூட்டத்திலிருந்து வெளியே நடத்திக்கொண்டு வந்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

வாசலருகே மாஸ்பி குறுக்கே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. கையில் பலகைக் கணினி, பின்னால் ஓர் உதவியாளர்.

"மிஸ்டர் ஹ்ரூஸ்கா, பாத்தீங்களா? அஞ்சு வாரத்துல பதினோரு மைல்," என்றார். "உங்க யோசனைதான் இது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"என் நாற்காலிய எடுத்துக்கங்க," என்றான் நார்ப். "எனக்கு வேணாம்."

"பத்து வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருக்கீங்களே. பரவால்ல, உங்க அதிருப்தியும் எங்களுக்கு ஒரு தரவுதான். அடுத்த வருஷம் வேர்க்கடலை விக்கிற எல்லாருக்கும் ஹெல்மெட் குடுக்கறோம். தோள் ஒடஞ்ச அந்தம்மாவுக்குத்தான் முதல்ல."

நார்ப் கிரோஸை என்னிடம் ஒப்படைத்தான். விலாவைப் பிடித்திருந்த கையை எடுத்தான். மாஸ்பியின் முகத்தை ஒரு கணம், கோணல் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணோடு பார்த்தான். குத்து வாயில், மூக்குக்குக் கீழே, நட்ட நடுவில் விழுந்தது. மாஸ்பி இரண்டு பற்களைத் துப்பிக்கொண்டு புல்லில் மல்லாந்தார். அந்தப் பருவம் முழுவதும் நாரைகள் பக்கத்திலிருந்து புறப்பட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். லோரீன் எழுந்து நின்றாள். பிறகு நாலாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள்.

மாஸ்பி தலையைத் தூக்கி உதவியாளரைத் தேடினார். "எவ்வளவு வேகம்?" என்று கேட்டார்.

யாரும் அதை அளந்திருக்கவில்லை.